பிக் பிரதர் தீம் மியூசிக்: பட்டனைத் தட்டினால் வருவதில் இசை இருக்கிறதா?

கேள்வி, 8 அக்டோபர் 2024

விஜய் டிவியில் பிக் பாஸ் எட்டாவது சீசன் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகன், யூடியூபில் லண்டன் பிக் பிரதரோட பழைய தீம் மியூசிக்கைத் தேடி எடுத்துப் போட்டுக் காட்டி, டிவி தீம் என்றால் இதுதான், மற்றதெல்லாம் சும்மா என்கிறான். பால் ஓகன்ஃபோல்ட் என்று ஒரு டிஜே போட்டதாம். நம் ஊர் நிகழ்ச்சிக்கும் மூலம் இதுதானாம். எனக்கு டும் டும் என்று ஒரே அடிதான் கேட்கிறது. பாட முடியவில்லை, முணுமுணுக்கக்கூட முடியவில்லை. பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டு வந்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் போல. நீங்கள் கச்சேரியில் கீ போர்டு வாசிக்கிற ஆள். இதில் இசை இருக்கிறதா, சொல்லுங்கள்.

8 அக்டோபர், இரவு

இருக்கிறது அண்ணே. புரட்டாசி, கல்யாணம் கிடையாது, கையில் வேலை இல்லை. அதனால் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகனுக்கு ஒரு திருத்தம். ஓகன்ஃபோல்ட் தனியாகப் போட்டதில்லை. ஆண்டி கிரே என்கிற தயாரிப்பாளரும் அவரும் சேர்ந்து, எலிமென்ட் ஃபோர் என்று பெயர் வைத்துக்கொண்டு போட்டது. 2000இல் தனி சிங்கிளாக வெளிவந்து, பிரிட்டன் இசை விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடம் வரைக்கும் போனது. டிவி நிகழ்ச்சியின் டைட்டில் இசையைக் கடையில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நாம் தூர்தர்ஷன் சிக்னேச்சர் இசையைக் காசு கொடுத்து வாங்கியிருப்போமா?

இன்னொன்று, நம் பிக் பாஸில் வருவது இந்த இசை இல்லை. நிகழ்ச்சியின் சட்டகம்தான் அங்கிருந்து வந்தது. இசை வேறு.

9 அக்டோபர்

பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நிகழ்ச்சி பிறந்தது பிரிட்டனில் இல்லை, நெதர்லாந்தில். 1999 செப்டம்பர். ஜான் டி மோல் என்கிறவரின் எண்டமோல் கம்பெனி. அங்கே போட்ட தீம் முழுப் பாட்டு. ஹான் வான் ஐக் என்ற பாடகர் பாடியது. பல்லவி, சரணம், எல்லாம் உண்டு. அந்த ஊரில் பெரிய ஹிட். நம் ஊர் சீரியல் டைட்டில் பாட்டு மாதிரியே, கேட்டதும் கூடப் பாடலாம்.

பிரிட்டனில் சேனல் 4 அதை 2000 ஜூலையில் தொடங்கியபோது பாட்டைத் தூக்கிவிட்டார்கள். வார்த்தையே இல்லாமல் டிரான்ஸ் என்கிற கிளப் நடன இசையைப் போட்டார்கள். அந்த வருஷங்களில் அங்கே டிரான்ஸ் கொடிகட்டிப் பறந்தது. ஓகன்ஃபோல்ட் அதில் முன்வரிசை ஆள். 1987 கோடையில் நண்பர்களோடு ஸ்பெயினின் இபிசா தீவுக்குப் போய், அங்கே விடிய விடிய ஓடிய இசையைக் கேட்டுவிட்டு வந்து லண்டனில் கிளப் ஆரம்பித்தவர். இளவட்டம் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி, இளவட்டம் ஆடுகிற இசை. இது வியாபாரக் கணக்கு. அதைத் தப்பு என்று சொல்ல நான் யார்? நானும் மொய் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துப் பிழைக்கிறவன்.

என்னைக் கேட்டால் வார்த்தையைத் தூக்கியதில்தான் விஷயம் இருக்கிறது. பாட்டை வெட்ட முடியாது. பல்லவி நடுவில் நிறுத்தினால் காது உறுத்தும், "அப்புறம்?" என்று கேட்கும். இந்த மாதிரி இசையை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். டைட்டிலுக்கு முழு நீளம், விளம்பரத்துக்குப் போகும்போது நாலு விநாடி, விளம்பரத்திலிருந்து வரும்போது இரண்டு விநாடி, யார் வெளியேறப்போகிறார் என்று சொல்லும் முன்னால் வெறும் அடி மட்டும். எடிட்டர் கத்தரிக்கோலோடு வருவான் என்று தெரிந்து தைத்த துணி அது.

9 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

எழுதி முடித்தபின் ஞாபகம் வந்தது. அந்த நிகழ்ச்சியில் மார்கஸ் பென்ட்லி என்று ஒரு குரல், "இத்தனாம் நாள்" என்று நாள் கணக்குச் சொல்லும். அந்தக் குரலுக்கு அடியில் இசை ஓடியாக வேண்டும், குரலை மறைக்கவும் கூடாது. மெலடி பலமாக இருந்தால் பேச்சும் அதுவும் அடித்துக்கொள்ளும். எங்கள் கச்சேரியில் அறிவிப்பாளர் "அடுத்து வரும் பாடல்..." என்று ஆரம்பிக்கும்போது பிளூட்காரர் ஆர்வத்தில் ஒரு இழுப்பு இழுப்பார். மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் அவரைப் பார்க்கிற பார்வையை நீங்கள் பார்க்க வேண்டும்.

11 அக்டோபர்

ஆயுத பூஜை. கீ போர்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மேலே பொரியும் கடலையும் சிந்தியிருக்கிறது. நாளை காலை வரை தொடக்கூடாது, வீட்டில் உத்தரவு. அதனால் கையை வைக்காமல் மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததை எழுதுகிறேன்.

டிரான்ஸ் எப்படிக் கட்டுகிறார்கள்? நிமிஷத்துக்கு 130இலிருந்து 140 அடி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிக், அதாவது டும் என்கிற பெரிய டிரம் அடி. நாலுக்கு நாலு, ஆதி தாளத்தைவிடச் சாது. பேஸ் நோட்டு, அதாவது கீழ் ஸ்தாயி ஸ்வரம், கிக்கோடு சேர்ந்து விழாது, இரண்டு கிக்குக்கு நடுவில் விழும். கிக், பேஸ், கிக், பேஸ். குதிரை ஓடுகிற உணர்வு அங்கேதான் வருகிறது. ஸ்வரம் என்று பார்த்தால் பெரும்பாலும் மைனர், நம் கணக்கில் நடபைரவி ராகத்தின் பக்கம். அதிலும் முழு ஆரோகணம் அவரோகணம் கிடையாது. நாலைந்து ஸ்வரத்தில் ஒரு துண்டு, அதையே திரும்பத் திரும்ப.

டோன் விஷயம் தனி. ரோலண்ட் ஜேபி-8000 என்று 90களில் வந்த கீ போர்டில் சூப்பர்சா என்று ஒரு டோன் உண்டு. ஒரு கட்டையை அமுக்கினால் உள்ளே 7 அலை ஒன்றுக்கொன்று இம்மி சுதி விலகி ஒலிக்கும். அந்த விலகல்தான் அகலம். சுதி சுத்தமாகச் சேர்ந்தால் ஒல்லியாகிவிடும். பாட்டு வாத்தியார் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். ஆனால் அந்தக் காலத்து டிரான்ஸ் பாதிக்கு மேல் இந்த விலகலில் நின்றது.

அப்புறம் ஒரு தந்திரம். கிக் விழுகிற நொடியில் மற்ற சத்தம் எல்லாம் தானாகக் கொஞ்சம் அமுங்கும், உடனே எழும்பும். கம்ப்ரசரில் செய்வது, சைட்செயின் என்பார்கள். கேட்டால் மொத்த இசையும் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். உங்களுக்கு டும் டும் மட்டும் கேட்பதற்குக் காரணம் கிக் சத்தம் அதிகம் என்பது மட்டும் இல்லை. கிக் வரும்போது மற்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள்.

12 அக்டோபர்

விஜயதசமி. பொரியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தத் தீமின் துண்டை முதலில் பியானோ டோனில் வாசித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எல்.கே.ஜி. பிள்ளை வாசிப்பது மாதிரி இருந்தது. உள்ளே இருந்து சம்சாரம், "டியூஷனுக்கு யாரும் வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

அடுத்து சிந்த், அதாவது எலக்ட்ரானிக் டோன் வைத்து, வலது கை அதே துண்டை விடாமல் வாசிக்க, இடது கையால் ஃபில்டர் குமிழை மெதுவாகத் திறந்தேன். முதலில் சத்தம் போர்வைக்குள் பேசுவதுபோல மந்தமாக இருக்கும். குமிழ் திறக்கத் திறக்க மேல் ஒலிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஸ்வரம் மாறவில்லை, வேகம் மாறவில்லை, ஆனால் ஏதோ நெருங்கி வருகிறது. உள்ளே இருந்த சம்சாரம் வாசல் பக்கம் வந்து நின்றுவிட்டாள், குக்கர் விசில் வந்ததுகூடக் காதில் விழவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தக் குமிழில் இருக்கிறது. நம் காது சங்கதியை ஸ்வரத்தில் தேடும். பழக்கம் அப்படி. இந்த இசை சங்கதியை நிறத்தில் வைக்கிறது. நிறத்தை முணுமுணுக்க முடியாது, அதனால்தான் உங்களுக்கு வாயில் வரவில்லை.

14 அக்டோபர்

"அது சரி, ஏதோ வருகிறது வருகிறது என்று காட்டிவிட்டு, கடைசியில் வருவது என்ன? நாலு பேர் வீட்டுக்குள் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் நின்றிருக்கிறீர்களா? சாமி புறப்பாட்டுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் டங்கா மாடு வரும். முதுகில் இரண்டு பக்கமும் முரசு, மேலே உட்கார்ந்து ஒருவர் கொட்டிக்கொண்டு வருவார். அந்தக் கொட்டில் ராகம் கிடையாது, கணக்கு கிடையாது. கேட்ட மாத்திரத்தில் திண்ணையில் இருப்பவன் எழுந்திருப்பான், ரோட்டில் இருப்பவன் ஓரம் போவான், பிள்ளையைத் தோளில் தூக்குவார்கள். மீனாட்சி வர இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும். தீம் மியூசிக்கின் வேலை அந்த மாட்டின் வேலை. பின்னால் வருவது தேரா, வெங்காயமா என்பது மாட்டின் பொறுப்பு இல்லை.

கொஞ்சம் யோசித்தால் ஒரு வித்தியாசம் உண்டு. மாட்டுக்குப் பின்னால் சாமி நிச்சயம் வரும். டிவியில் இன்றைக்கு எவிக்ஷன் என்று இசையை ஏற்றிவிட்டு, கடைசியில் "இந்த வாரம் யாரும் வெளியேறவில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

16 அக்டோபர்

"எல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு" என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவருக்கு ஒரு கதை.

ரோலண்ட் டிபி-303 என்று ஒரு சின்னப் பெட்டி. 80களின் தொடக்கத்தில் வந்தது. தனியாக கிடார் வாசிப்பவர்களுக்குத் துணைக்கு பேஸ் வாசிக்கத்தான் செய்தார்கள். பேஸ் கிடார் மாதிரி கொஞ்சம்கூட ஒலிக்கவில்லை, விற்கவில்லை, 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய விலைக்கு வந்ததும் அமெரிக்காவில் சிகாகோ இளைஞர்கள் வாங்கி, குமிழ்களைக் கண்டபடி திருகினார்கள். 1987 வாக்கில் ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வகையே பிறந்தது. டிரான்ஸுக்கு அது பாட்டன் முறை.

ஆனால் அதற்கும் முன்பே, 1982இல், பம்பாயில் சினிமா ஒலிப்பதிவுகளில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் அதே 303ஐயும் 808 ரிதம் பெட்டியையும் ஜூபிடர்-8 கீ போர்டையும் வைத்துக்கொண்டு பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ அடியில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அப்போது யாரும் சீந்தவில்லை. 2010இல் மறுபடி வெளியானபோது, கேட்டவர்கள் சிகாகோவுக்கு முன்னால் இப்படி ஒன்றா என்று வாயைப் பிளந்தார்கள். பாவம், அவருக்கு அப்போது வயதாகிவிட்டது. ராகத்தின் வளைவுக்கும் 303இன் வழுக்கலுக்கும் என்ன பொருத்தம்! கேட்டுப் பாருங்கள், முக்கியமாக பைரவ்.

20 அக்டோபர்

ஐப்பசி பிறந்துவிட்டது, போன் வர ஆரம்பித்துவிட்டது. அவர்கள் கேட்பது சுருக்கமாக: "மாப்பிள்ளை பொண்ணு என்ட்ரிக்கு ஏதாவது மாஸா டிஜே மியூசிக் வேணும்ணே." பைபாஸ் ரோட்டில் ஒரு மண்டபம்.

22 அக்டோபர்

என்ட்ரி என்றதும் போன வைகாசி ஞாபகம் வருகிறது.

மதுரைக்கு வெளியே ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். மாப்பிள்ளையின் தம்பி பெங்களூரில் வேலை, இந்த மாதிரி டிரான்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்து, "கதவு திறக்கிறப்போ டிராப் விழணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பில்டப் என்றால் இசை ஏறிக்கொண்டே போகிற பகுதி, டிராப் என்றால் அது முடிந்து முழு அடியும் ஒன்றாக விழுகிற இடம். லேப்டாப்பில் ஏற்றி, பில்டப் பகுதியைத் தனியாக வெட்டி வைத்துக்கொண்டேன். ஸ்நேர் உருட்டல், காற்று இரைச்சல் மேலே ஏறுவது எல்லாம் சேர்ந்த எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று. கதவோரம் பூத்திரி மெஷின் இரண்டு, புகை மெஷின் ஒன்று. வாக்கிடாக்கியில் "ரெடி" என்றார்கள். ஆரம்பித்தேன்.

எட்டு பார் முடிகிறது, கதவு திறக்கவில்லை. லூப் போட்டேன். மறுபடி எட்டு பார். திறக்கவில்லை. பொண்ணுக்கு ஒட்டியாணம் கழன்றுவிட்டதாம், கொக்கியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. போனைத் தூக்கி நின்ற சனம் முதல் லூப்பில் கதவைப் பார்த்தது, இரண்டாவதில் என்னைப் பார்த்தது, அப்புறம் உட்கார்ந்துவிட்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "தம்பி, சிடி சிக்கிருச்சு பாரு" என்று சைகை காட்டினார். ரிதம் பேட் வாசிக்கிற பையன் என் காதில், "அண்ணே, இதுல நான் என்ன பண்றது?" என்றான். அவனுக்கு நையாண்டி மேளத்து ஆறுக்கெட்டுத் தாளம் (6/8) என்றால் கை தானாக ஓடும். இந்த நாலுக்கு நாலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

கடைசியில் கதவு திறந்து டிராப் விழுந்தபோது பந்திக்குக் கூட்டம் கிளம்பியிருந்தது.

பில்டப் என்பது கடன். எட்டு பாருக்கு வாங்கினால் ஒன்பதாவது பாரில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நேரலை டிவியில் இதைச் சரியாகச் செய்கிறார்கள் என்றால் இசையமைத்தவரை மட்டும் பாராட்டக்கூடாது. பட்டனில் விரலை வைத்துக்கொண்டு தொகுப்பாளர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் சவுண்ட் ஆளையும் பாராட்ட வேண்டும்.

25 அக்டோபர்

மழை. செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். ஸ்பீக்கர் பாக்ஸை எல்லாம் கட்டில் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். நாங்கள் கீழே படுக்க வேண்டியதுதான்.

29 அக்டோபர்

நீங்கள் கேட்ட இன்னொரு விஷயம்: "சூர்யா நடத்தினாரே ஒரு கோடி, அந்த இசையில் மட்டும் பயம் வந்ததே, எப்படி?"

நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி, 2012, விஜய் டிவி. அது பிரிட்டனில் 1998இல் வந்த மில்லியனர் நிகழ்ச்சியின் இசை. கீத் ஸ்ட்ராகன், அவர் மகன் மேத்யூ ஸ்ட்ராகன் இரண்டு பேரும் போட்டது. அதில் ஒரு வித்தை. கேள்வி ஏற ஏற பின்னணி இசையின் சுதியும் அரை அரைக் கட்டையாக ஏறும். உட்கார்ந்து பார்ப்பவனுக்கு அது தெரியாது. நாற்காலியின் நுனிக்கு வந்திருப்பான், அவ்வளவுதான். கச்சேரியிலும் கடைசி சரணத்தில் அரைக் கட்டை ஏற்றிவிடுவோம். கைதட்டல் கூடும், பாடகர் மட்டும் திரும்பி முறைப்பார்.

பிக் பிரதர் தீம் இந்த வழிக்குப் போகவில்லை. சுதியை ஏற்றாமல் சத்தத்தின் அடர்த்தியை ஏற்றுகிறது. 12ஆம் தேதி எழுதிய குமிழ் சமாசாரம்தான். எது மேல் என்று கேட்டால், வினாடி வினாவுக்கு அது, வீட்டுக்குள் அடைத்து வைப்பதற்கு இது. கேள்விக்குப் படிக்கட்டு உண்டு. வீட்டுக்குள் இருப்பவனுக்கு எத்தனை நாள் ஆனாலும் அதே சோபா, அதே சண்டை.

4 நவம்பர்

தீபாவளி முடிந்தது. காது இன்னும் கிண் என்கிறது. ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிற மத்திய அரசு விதி வந்ததும் இதே 2000ஆம் வருஷம்தான் என்பதை இப்போதுதான் கவனித்தேன். உலகத்துக்கு டிரான்ஸ் தீம் கொடுத்த வருஷமே நம் மைக்செட்டின் வாயையும் கட்டியிருக்கிறது.

பைபாஸ் ரோட்டு மண்டபத்து வேலைக்கு ஒத்திகை பார்த்தேன். மணப்பெண் பட்டுப்புடவையில் 138 வேகத்துக்கு நடக்க முடியாது, ஓட வேண்டியிருக்கும். இரண்டு கிக்குக்கு ஒரு காலடி என்று வைத்தால் நிமிஷத்துக்கு 69 காலடி. நிதானமான நடை, வீடியோக்காரருக்கும் வசதி. பிரிட்டனில் பிக் பிரதர் வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் கூட்டத்துக்கு நடுவே நடந்து வருவதைப் பார்த்தால், அவர்களும் ஏறக்குறைய இந்தப் பாதி வேகத்தில்தான் வருகிறார்கள். அடி வேகமாகவும் ஆள் மெதுவாகவும் இருந்தால் அந்த ஆள் பெரிய ஆளாகத் தெரிகிறான்.

பேட் பையனுக்கும் வழி கிடைத்தது. கிக்கை அப்படியே விட்டுவிட்டு, மேலே உறுமி டோனில் மூன்றுக்கு இரண்டாக ஒரு ஆறுக்கெட்டு ஓட்டச் சொன்னேன். டிரான்ஸ்காரர்கள் கேட்டால் திட்டுவார்கள். கல்யாண வீட்டுக் கருமாத்தூர் சொந்தக்காரர்கள் கேட்டால் ஆடுவார்கள். எனக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

8 நவம்பர்

நேற்று வேலை முடிந்தது. ஒட்டியாணம் நின்றது, டிராப் சரியாக விழுந்தது. உறுமி சேர்ந்ததும் மாமன்மார் மேடைக்கு வந்துவிட்டார்கள், அவர்களை இறக்கத்தான் நேரமாகிவிட்டது.

உங்கள் மகன் சொந்தமாக ஒரு தீம் செய்து பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அவனிடம் சொல்லுங்கள்: முழு நீளத்துக்கு ஒன்று செய்துவிட்டு நிற்க வேண்டாம். முப்பது விநாடிக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று தனித்தனியாக எடுக்கட்டும். மேல் துண்டு இல்லாமல் அடியும் பேஸும் மட்டும் ஒரு கோப்பு, குரலுக்கு அடியில் ஓட. கிக்கும் இல்லாமல் வெறும் இரைச்சல் மட்டும் இன்னொன்று, யார் பெயரையாவது சொல்வதற்கு முன்னால் போட. பிரிட்டனில் 2018இல் நின்றுபோன நிகழ்ச்சி 2023இல் ஐடிவி2இல் திரும்பி வந்தபோது பழைய தீமையே புதுப்பித்துப் போட முடிந்தது. துண்டு துண்டாகக் கழற்றி மாட்ட வருகிற சாமானாக இருந்ததால் அந்த வேலை சுலபமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கோப்பை அனுப்பச் சொல்லுங்கள், கேட்டுப் பார்க்கிறேன். சனி, ஞாயிறு வேண்டாம், மேலூரிலும் உசிலம்பட்டியிலும் கச்சேரி இருக்கிறது.